பரணிலிருந்து இறங்கிய லாரி

நெடுநாள் சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் வீட்டில் விளையாட்டுப் பொருள்களுக்குப் பஞ்சம் இராது. பார்க்க வருவோர் ஆளுக்கொன்று வாங்கி வருவர். ஆனால் அவற்றுள் அக்குழந்தை தன் கையால் தானே இயக்கக்கூடியது எது என்று எண்ணிப் பார்த்தால், பல வீடுகளில் ஒன்றும் தேறாது. சாவி கொடுத்து ஓடும் பொம்மைக்கு விரல் வலிமை வேண்டும். கட்டைகளை அடுக்குவதற்குக் கை நடுங்காதிருக்க வேண்டும். பந்து என்றால் ஓட வேண்டும். அண்ணனோ அக்காளோ விளையாடிக் காட்ட, குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டிலும் ஆறு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் உள்ள சிற்றூர். என் இளைய மகளுக்கு மூளை முடக்குவாதம். வலக்கை பெரும்பாலும் மடங்கி இறுகியே இருக்கும். இடக்கையை நீட்டி ஒரு பொருளைத் தட்ட இயலும், பற்ற இயலாது. பேச்சு இன்னும் வரவில்லை. ஆனால் எல்லாம் புரியும் என்பது அவள் தாய்க்கும் எனக்கும் தெரியும். பிறருக்கு அதை மெய்ப்பித்துக் காட்டத்தான் வழியின்றி இருந்தோம். மாதம் ஒருமுறை மலையிறங்கி மருத்துவமனைக்குச் செல்வதுண்டு. அப்படிச் சென்ற ஒரு நாளில் செயல்முறை சிகிச்சையாளர் அம்மையார் கேட்டார்: “பாப்பா தட்டினால் ஏதாவது ஒன்று ஓட வேண்டும், ஐயா. உங்கள் வீட்டில் பழைய ரிமோட் வண்டி ஏதேனும் கிடக்கிறதா?”

கிடந்தது. 1995ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, புளி மூட்டை ஏற்றிச் சென்னைக்கு லாரி ஓட்டிச் சென்ற என் தாய்மாமன் வாங்கி வந்த மஞ்சள் நிற விளையாட்டு லாரி அது. எங்கள் ஊரில் அதுவரை பிள்ளைகளின் வண்டி என்றால் குச்சியால் தட்டி ஓட்டும் சைக்கிள் டயர்தான். கம்பியில்லாமல் ஒரு வண்டி தானே திரும்புவதைக் காண ஊரே திரண்டது. நியூயார்க் நகரத்து மக்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் வியந்திருப்பர். 1898ஆம் ஆண்டு மேடிசன் சதுக்க அரங்கில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டு, வானலையால் அதனை இயக்கிக் காட்டினார். அவ்வாண்டு நவம்பர் 8 அன்று அதற்குக் காப்புரிமையும் பெற்றார். என் மாமா வாங்கி வந்த லாரி அந்தப் படகின் வழித்தோன்றல்.

பரணில் கோணிப்பையில் சுற்றி வைத்திருந்த லாரியை என் மகனும் நானும் இறக்கினோம். அவன் ஐந்தாம் வகுப்பு மாணவன். பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்ததும் அவன் முகம் சுளித்தான். உள்ளே பேட்டரிகள் கசிந்து, தகடுகள் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குப் படிந்திருந்தது. பழைய பொருளைத் திறப்போர் பலர் இந்த இடத்திலேயே மனம் தளர்ந்து மூடிவிடுவர், அதற்குத் தேவையில்லை. அல்கலைன் வகை பேட்டரியிலிருந்து கசிவது காரம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட பஞ்சினால் துடைத்தால் அது செயலிழக்கும். பழைய துத்தநாக வகையிலிருந்து கசிவது அமிலத்தன்மை உடையது. அதற்குச் சமையல் சோடாவை நீரில் குழைத்துத் தடவ வேண்டும். பின்னர் நன்கு உலர்த்தி, மெல்லிய உப்புத்தாளால் தகட்டைத் தேய்த்தால் உலோகம் மீண்டும் பளிச்சிடும். கையுறை கட்டாயம் வேண்டும். அந்தப் பொடி கண்ணில் படலாகாது. இந்த வேலை முடியும்வரை மகனைச் சற்றுத் தள்ளியே அமர்த்தியிருந்தேன்.

அடுத்தது மோட்டார். ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்றின் இரு முனைகளையும் மோட்டாரின் முனைகளில் நேரடியாகத் தொட்டுப் பார்த்தோம். முதலில் அசைவில்லை. அச்சை விரலால் சிலமுறை சுழற்றிவிட்டு மீண்டும் தொட்டபோது அது முனகியது, பிறகு சுழன்றது. உள்ளே உள்ள தொடுமுனைகளில் படிந்த கறை உரசலில் விலகியதே காரணம். என் மகன் கைதட்டியது அடுத்த வீடு வரை கேட்டிருக்கும்.

ஆயினும் வண்டி நகரவில்லை. மோட்டார் சுழன்றது, சக்கரம் நின்றது. இத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் நேரும் பழுது இது. மோட்டாரின் அச்சில் இறுக்கிச் செருகப்பட்ட சிறு பிளாஸ்டிக் பற்சக்கரம் ஆண்டுகள் செல்லச் செல்ல நெடுக்காக வெடித்துவிடும். அச்சு சுழலும்போது அது வழுக்கும். மயிரிழை அளவே உள்ள அவ்வெடிப்பைக் காண உருப்பெருக்கிக் கண்ணாடி தேவைப்பட்டது. பசை போட்டு ஒட்டினால் நிற்காது. மாற்றியே ஆக வேண்டும். பற்களின் எண்ணிக்கையும் அச்சின் விட்டமும் ஒத்திருக்க வேண்டும். சென்னையில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை ரிச்சி தெருவில் தேடி அதை அனுப்பி வைத்தான். பொருளின் விலையைவிட அஞ்சல் செலவே மிகுதி.

டயர்கள் கல்லாக இறுகியிருந்தன. சிமெண்ட் தரையில் வழுக்கின. மிதிவண்டிப் பழுது பார்க்கும் கடையில் பழைய டியூபை வாங்கி, வளையங்களாக வெட்டி, சக்கரங்களின் மேல் இழுத்து மாட்டினோம். பார்வைக்கு அழகில்லை, பிடிப்பு நன்று.

பழையதைத் துடைத்து ஓடவிடுவது இம்மலைக்குப் புதிதன்று. ஆலங்காயம் செல்லும் வழியில் காவலூர் வானாய்வகம் இருப்பதை அறிவீர்கள். அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972இல் நிறுவப்பட்டது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதை 1977 மார்ச் 10 அன்று உலகுக்குக் காட்டிய கருவிகளுள் அதுவும் ஒன்று. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அது பணியில் இருக்கிறது. என் லாரிக்கு முப்பதுதான் ஆகிறது என்று மகனிடம் சொல்லி வைத்தேன்.

இனி, ரிமோட். அதன் உள்ளே இருக்கும் சிறு படிகத்தில் 27.145 என்று பொறிக்கப்பட்டிருந்தது. 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் ஒரு பிரிவு அது. இந்த அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். எனவேதான் அக்கால ரிமோட்டுகளில் நீண்ட இழுப்பு ஆண்டெனா இருந்தது. அது ஒடிந்தால் வண்டி இரண்டடி தூரம்கூடக் கட்டளையைக் கேளாது. எங்களுடையது அடியில் ஒடிந்திருந்தது. பழைய டிரான்சிஸ்டர் வானொலியின் ஆண்டெனாவைப் பொருத்தினோம். ஒரே எண்ணுள்ள இரு வண்டிகள் அருகருகே இருந்தால் ஒருவர் அழுத்த மற்றவர் வண்டியும் ஓடும். குழந்தைகள் பிரிவில் இருவர் இத்தகைய வண்டி வைத்திருந்தால் சண்டை வரும் என்பது உறுதி. மருத்துவமனைக்குள் வானலை வண்டியை இயக்கும் முன் செவிலியரிடம் கேட்டுக்கொள்வதும் முறை.

எங்களுக்கு வேண்டிய மாற்றம் இந்த ரிமோட்டில்தான் இருந்தது. இடப்பக்க நெம்புகோலை முன்னே தள்ளினால், உள்ளே ஒரு மெல்லிய தகடு மற்றொன்றைத் தொடும். லாரி முன்னே செல்லும். அவ்வளவே. அந்த இரு தகடுகளிலும் இரு கம்பிகளைப் பற்றவைத்து வெளியே கொண்டுவந்து, ஒரு பெரிய பொத்தானில் இணைத்தால், பொத்தானை அழுத்துவதும் நெம்புகோலைத் தள்ளுவதும் ரிமோட்டுக்கு ஒன்றே. சிறு பேட்டரியின் மின்னழுத்தமே ஆதலால் மின்னதிர்ச்சிக்கு இடமில்லை. வாசல் அழைப்பு மணியின் பொத்தான் ஒன்றை அடியில் வைத்து, நான்கு மூலைகளிலும் பஞ்சுத் துண்டுகள் ஒட்டி, மேலே அகன்ற டிபன் பாக்ஸ் மூடியைப் பொருத்தினோம். மூடியின் எந்தப் பகுதியைத் தட்டினாலும் பொத்தான் அழுந்தும். கம்பியின் முனையில் காதொலிக் கருவிகளில் வரும் 3.5 மில்லிமீட்டர் செருகியை வைக்கச் சொன்னவர் சிகிச்சையாளர் அம்மையார். குழந்தைகளுக்கான சிகிச்சைப் பொத்தான்கள் பெரும்பாலும் இந்த அளவிலேயே வருகின்றன. எனவே மருத்துவமனையில் உள்ள பொத்தானையும் எங்கள் லாரியில் செருகலாம், எங்கள் பொத்தானை அங்குள்ள பொம்மைகளிலும் செருகலாம்.

அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்துக் கோல் கேலோவே என்னும் இயன்முறை மருத்துவ ஆய்வாளர், குழந்தைகள் ஏறி அமர்ந்து ஓட்டும் பேட்டரி கார்களை இவ்வாறே பெரிய பொத்தான் வைத்து மாற்றும் திட்டத்தைத் தொடங்கினார். நடக்க இயலாத குழந்தை தானே ஓரிடத்திலிருந்து வேறிடம் செல்வது அதன் அறிவு வளர்ச்சிக்கும் பிறரோடு பழகுவதற்கும் துணை என்பது அவர் கருத்து. எங்கள் மலைப்பாதைக்கும் வருவாய்க்கும் அத்தகைய கார் எட்டாது. தரையில் ஓடும் லாரி போதும்.

பழைய விளையாட்டுப் பொருளைப் பிள்ளைகளிடம் கொடுக்கும் முன் கருத வேண்டிய சில உண்டு. விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை 2021 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். குழந்தையின் உடலில் ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை. உரியும் வண்ணத்தை உலர்ந்த நிலையில் சுரண்டினால் தூசு பறக்கும். எனவே எங்கள் லாரியின் உரிந்துபோன மேற்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, என் மகன் அட்டையில் புதுக் கூடு செய்தான். பற்றவைக்கும் ஈயக் கம்பியைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்கலாகாது.

இன்னொன்று உயிருக்கே ஆபத்தானது. பழைய ரிமோட்டில் விரலளவு பேட்டரி. இன்றைய சிறு ரிமோட்டுகளிலும் ஒளிரும் பொம்மைகளிலும் நாணயம் போன்ற பொத்தான் பேட்டரி. குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் தங்கினால், அதன் மின்னோட்டம் அவ்விடத்தில் காரத்தை உண்டாக்கி, இரண்டு மணி நேரத்திற்குள் ஆழமான புண் ஏற்படுத்தும். ஒரு நிமிடமும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஒரு வயது நிறைந்த, விழுங்குவதில் இடர்ப்பாடு இல்லாத குழந்தையாயின், வரும் வழியில் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டு சிறு கரண்டித் தேன், ஆறு முறைக்கு மிகாமல் தரலாம். விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்திற்குள் இருந்தால் மட்டுமே. தேன் புண்ணின் வேகத்தைக் குறைக்குமே அன்றிப் பேட்டரியை அகற்றாது. எங்கள் மலையில் தேனில்லாத வீடு குறைவு, வண்டிதான் கிடைப்பதரிது. எனவே தேன் தேடி நிற்பதினும் வண்டி தேடிப் புறப்படுவதே முதல் வேலை.

லாரி ஓடிய அன்று என் மகள் அதனைத் திரும்பியும் பார்க்கவில்லை. மோட்டாரின் ஓசைக்கு அஞ்சி அழுதாள். மறுநாளும் அவ்வாறே. மூன்றாம் நாள் என் மனைவி, “அழ வைக்க வேண்டாமே” என்றாள். சிகிச்சையாளரைத் தொலைபேசியில் கேட்டோம். வண்டியைத் தொலைவில் வையுங்கள், வேகத்தைக் குறையுங்கள், அவள் கையைப் பிடித்து அழுத்த வைக்காதீர்கள் என்றார். சாதாரண பேட்டரி நான்குக்கு 6 வோல்ட். மீண்டும் மின்னேற்றும் பேட்டரி நான்குக்கு 4.8 வோல்ட். அவற்றை மாற்றியதும் லாரி நிதானமாயிற்று, ஓசையும் தணிந்தது. பொத்தானை அவள் இடப்பக்கம் வைத்துவிட்டு நாங்கள் எங்கள் வேலையைப் பார்த்தோம். அந்த இரண்டு வாரங்களும் இவ்வளவும் வீண்தானோ என்னும் எண்ணம் எனக்கு நாள்தோறும் வந்தது. அவளுக்குப் புரியும் என்று நாங்கள் நம்பியிருந்ததே ஆட்டங்கண்டுவிடுமோ என்னும் அச்சமும் அதில் கலந்திருந்தது.

பதினாறாம் நாள், பாட்டி சாமை புடைத்துக்கொண்டிருந்த திண்ணையில், அவள் கை தற்செயலாக மூடியின் மேல் விழுந்தது. லாரி ஒரு முழம் நகர்ந்து நின்றது. அவள் கையைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள். நெடுநேரம் ஒன்றும் செய்யவில்லை. பிறகு தட்டினாள். லாரி நகர்ந்தது. மீண்டும் தட்டிவிட்டு, லாரியை அன்று, எங்களைப் பார்த்தாள்.

பொத்தானில் அழுத்தினாலும் நெம்புகோல்கள் செயலிழப்பதில்லை என்பது பின்னர்தான் பயன்பட்டது. இப்போது முன்னே செலுத்துபவள் தங்கை, வளைப்பவன் அண்ணன். அவள் தட்டாவிடில் அவனால் ஒன்றும் செய்ய இயலாது. அவன் வளைக்காவிடில் லாரி சுவரில் முட்டும். பலாக்கொட்டைகளை ஏற்றி, திண்ணையின் ஒரு முனையிலிருந்து பாட்டியிடம் கொண்டு சேர்ப்பது அன்றாடச் சரக்குப் போக்குவரத்து. “அப்பா, பாப்பா நிறுத்தவே மாட்டேங்குது” என்று மகன் முறையிடுகிறான். என் மாமா வந்தால், நின்று சரக்கேற்றும் இடமும் தேநீர் குடிக்கும் இடமும் எங்கே என்று கேட்டு அவர்களைச் சிரிக்க வைக்கிறார்.

மகளின் கால்களிலும் வலக்கையிலும் பெரிய மாற்றம் ஏதும் இல்லை. அதனை இந்த லாரியிடம் நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. சென்ற மாதம் லாரியையும் மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். அம்மையார் அதை ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, பொத்தானை எடுத்து அவள் வலப்பக்கம், எட்டாத தொலைவில் வைத்தார். அவள் சிணுங்கினாள். பின்னர் மடங்கிய வலக்கையைத் தோளிலிருந்து மெல்லத் தள்ளினாள். மூடிக்கும் அவள் கைக்கும் இடையே இரண்டு விரற்கடை இருந்தது. அடுத்த மாதம்வரை அந்த இடத்திலேயே வைத்துப் பழக்குமாறு சொல்லி அனுப்பியிருக்கிறார்.