டோக்கியோவுக்கு ட்ரெய்னிங் போறீங்களா? ரயில் மேப்பைப் பார்த்து மிரளாமல் ஊர் சுற்றுவது எப்படி?

காலை ஆறு மணிக்கு வாலாஜாபாத்தில் கம்பெனி பஸ் ஏறினால் போதும். ஒரகடமோ, வல்லம் வடகாலோ, ஸ்ரீபெரும்புதூரோ, எந்த கேட்டில் இறங்கணுமோ அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடும். ரூட் யோசிக்க வேண்டாம், டிக்கெட் எடுக்க வேண்டாம். ரயிலில் போகலாம் என்றால் செங்கல்பட்டு – அரக்கோணம் பாதையில் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததுக்கு மணிக்கணக்கில் காத்திருக்கணும்.

இப்படிப் பழகிய ஒருவருக்குத் திடீரென்று, ‘மூன்று மாதம் ஜப்பான் ட்ரெய்னிங்’ என்று மெயில் வருகிறது. ஒரகடம் பக்கம் இது அபூர்வமில்லை. நிசானின் தலைமை அலுவலகம் யோகோஹாமாவில் இருக்கிறது. கோமாட்சுவுக்கு டோக்கியோ. யமஹாவுக்கு ஷிசுவோகா மாகாணத்தில் உள்ள இவாடா. ட்ரெய்னிங் எந்த ஊரில் என்றாலும், ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் டோக்கியோவுக்குத்தான் கிளம்புவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாதி வீணாவது பெரும்பாலும் ஸ்டேஷனுக்குள்ளேதான். தப்பான கேட், தப்பான வண்டி, தப்பான வாசல்! டோக்கியோவைச் சுற்றியுள்ள நகரங்களையும் சேர்த்தால் சுமார் 3.7 கோடிப் பேர். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பாதி ஒரே நகர்ப்பரப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை பேரைத் தூக்கிச் சுமப்பது ரயில்தான்.

ஏன் இவ்வளவு குழப்பமான மேப்?

டோக்கியோவில் ‘மெட்ரோ’ என்று ஒன்று மட்டும் இல்லை. சுரங்க ரயிலையே இரண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. டோக்கியோ மெட்ரோவுக்கு 9 லைன், மாநகர அரசின் தோயேவுக்கு 4 லைன். தரைக்கு மேலே ஓடுபவற்றில் பெரியது ஜே.ஆர். ஈஸ்ட். இது போதாதென்று தோக்யூ, ஒடாக்யூ, கெய்யோ, செய்பு, கெய்க்யூ, கெய்செய் என்று தனியார் ரயில் கம்பெனிகளின் வரிசை வேறு.

இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ஜப்பானின் முதல் ரயில் 1872-ல் டோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்கு ஓடியது. நாம் இந்த விஷயத்தில் 16 வருஷம் சீனியர். 1856 ஜூலை 1-ம் தேதியே ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிவிட்டது. (அது ராணிப்பேட்டை பக்கத்து வாலாஜா. நம்ம வாலாஜாபாத் இல்லை. நவாப் பெயர் மட்டும் ஒன்று.) ஆனால், அங்கே அரசு ரயில்வேயோடு போட்டி போட்டுத் தனியார்களும் தண்டவாளம் போட்டார்கள். ரயில் முடியும் இடத்தில் சொந்தமாக டிபார்ட்மென்ட் ஸ்டோர் கட்டினார்கள், பாதையோரத்தில் வீட்டுமனை விற்றார்கள். 1987-ல் அரசு ரயில்வேயும் ஜே.ஆர். கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டது. அந்தப் போட்டியின் மிச்சம்தான் இன்று உங்கள் போனில் நூடுல்ஸ் மாதிரித் தெரியும் மேப்.

இதனால் உங்களுக்கு என்ன? ஒரே ஸ்டேஷன் பெயருக்குள் நாலைந்து கம்பெனிகளின் கேட் தனித்தனியாக இருக்கும். ஒரு கம்பெனியின் கேட்டிலிருந்து வெளியே வந்து, இன்னொரு கம்பெனியின் கேட்டில் நுழைந்தால் புதுக் கட்டணம் தொடங்கும். (டோக்கியோ மெட்ரோவிலிருந்து தோயேவுக்கு மாறினால் 70 யென் தள்ளுபடி உண்டு.) ஆகவே ரூட் பார்க்கும்போது ‘எத்தனை நிமிஷம்’ என்பதோடு, ‘எத்தனை கம்பெனி’ என்றும் பாருங்கள். அஞ்சு நிமிஷம் கூடுதலானாலும் ஒரே கம்பெனியில் போகிற ரூட் பல நேரம் பர்ஸுக்கு நல்லது. நூறு யென் என்றால் தோராயமாக 55–60 ரூபாய்.

டிக்கெட் எப்படி எடுப்பது?

எடுக்கவே வேண்டாம். சுய்கா அல்லது பாஸ்மோ என்ற ஐ.சி. கார்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்காரச் சென்னை கார்டை மெட்ரோவிலும் மாநகர பஸ்ஸிலும் தட்டுவது போலத்தான். சுய்கா 2001-லேயே வந்துவிட்டது. எந்தக் கம்பெனி ரயில், எந்த பஸ் என்று பார்க்க வேண்டியதில்லை. தெருமுனைக் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கக்கூட அதையே தட்டலாம். சாதாரண கார்டுக்கு 500 யென் டெபாசிட். சுற்றுலாப் பயணிகளுக்கான ‘வெல்கம் சுய்கா’வுக்கு டெபாசிட் இல்லை, ஆனால் 28 நாளில் காலாவதி. மூன்று மாத ட்ரெய்னிங் என்றால் சாதாரண கார்டே போதும்.

இங்கே ஒரு சிக்கல். இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போனில் சுய்கா வேலை செய்யாது. அதற்கான வசதி ஜப்பானுக்காகத் தயாராகும் ஆண்ட்ராய்டு போன்களில்தான் இருக்கிறது. அதனால் பிளாஸ்டிக் கார்டு வாங்குங்கள். கார்டில் பணம் ஏற்றும் மெஷின்கள் பெரும்பாலும் நோட்டைத்தான் கேட்கும். ஜிபே பழக்கத்தில் பர்ஸை ரூமிலேயே விட்டுவிட்டுப் போய் நிற்காதீர்கள்.

கார்டில் காசு குறைந்து கேட் மூடிக்கொண்டால் பதற வேண்டாம். நம்ம ஊர் டி.டி.இ. மாதிரி யாரும் ஃபைன் போட வரமாட்டார்கள். பக்கத்திலேயே கட்டணத்தைச் சரிசெய்யும் மெஷின் இருக்கும். குறைகிற தொகையைப் போட்டுவிட்டு வெளியே வரலாம்.

ஜே.ஆர். பாஸ் வாங்கலாமா?

போவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. டோக்கியோவுக்குள் சுற்ற மட்டும்தான் என்றால் வேண்டாம். 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் விலையை 29,650 யெனிலிருந்து 50,000 யெனாக ஏற்றிவிட்டார்கள். டோக்கியோ – கியோட்டோ புல்லட் ரயிலில் போய்வரவே சுமார் 28,000 யென்தான் ஆகிறது. இன்னொன்று, அந்தப் பாஸ் ‘தற்காலிக வருகையாளர்’ என்று பாஸ்போர்ட்டில் பதிவானவர்களுக்கு மட்டும். பிசினஸ் விசாவில் சில வாரங்கள் போகிறவர்களுக்குக் கிடைக்கும். பயிற்சியாளர் விசாவிலோ, கம்பெனி டிரான்ஸ்பரிலோ போகிறவர்களுக்குக் கிடைக்காது. பணம் கட்டும் முன் விசாவைப் பாருங்கள்.

எந்த வண்டி, எந்த வாசல்?

ஸ்டேஷன் பெயர் வாயில் நுழையவில்லையா? எழுத்தையும் எண்ணையும் பிடித்துக்கொள்ளுங்கள். 2004 முதல் சுரங்க ரயில் ஸ்டேஷன்கள் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. கின்சா லைனின் ஆரஞ்சு வட்டத்துக்குள் ஜி 01 என்றால் ஷிபுயா, ஜி 19 என்றால் ஆசாகுசா. எண் ஏறினால் ஆசாகுசா பக்கம் போகிறீர்கள், இறங்கினால் ஷிபுயா பக்கம். அவ்வளவுதான்.

அடுத்தது, வேகம். செங்கல்பட்டு ஃபாஸ்ட் லோக்கலில் தெரியாமல் ஏறி, இறங்க வேண்டிய ஸ்டேஷன் கண்ணெதிரே ஓடிப்போன அனுபவம் பலருக்கு இருக்கும். அங்கே லோக்கல், ரேபிட், எக்ஸ்பிரஸ், லிமிடெட் எக்ஸ்பிரஸ் என்று ஒரே பிளாட்ஃபாரத்தில் மாறி மாறி வரும். உங்கள் ஸ்டேஷனில் நிற்குமா என்று போர்டைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். ஜே.ஆரில் லிமிடெட் எக்ஸ்பிரஸ் என்றால் தனிக் கட்டணமும் உண்டு.

யாமனோடே லைனில் மட்டும் இந்தக் கவலை இல்லை. 34.5 கிலோமீட்டர் வட்டப் பாதை, 30 ஸ்டேஷன், எல்லா வண்டியும் எல்லா இடத்திலும் நிற்கும். எதிர்த் திசையில் ஏறிவிட்டாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவீர்கள்!

பிறகு, வாசல். உலகிலேயே அதிகம் பேர் வந்துபோகும் ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு 200-க்கும் மேற்பட்ட வாசல்கள். தப்பான வாசலில் வெளியேறினால் சரியான இடத்துக்கு வர இருபது நிமிஷம் நடக்கணும். வெளியே வந்தபின் விசாரிக்கலாம் என்றால், அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. வட்டாரம், பிளாக், கட்டடம் என்று எண்களில்தான் முகவரி. ‘தண்ணி டேங்க் பக்கத்துத் தெரு’ என்று அடையாளம் சொல்லிப் பழகிய நமக்கு இது பெரிய அதிர்ச்சி. கூகுள் மேப்ஸ் வாசல் எண்ணையும் சேர்த்தே காட்டும். வண்டியை விட்டு இறங்கும் முன்பே அதைப் பார்த்து வைத்துக்கொள்வது உத்தமம்.

ஒரு ஞாயிறு, ஒரு லைன்

‘ஒரே நாளில் 15 இடங்கள்’ என்று வரும் ரீல்ஸை நம்பிக் கிளம்பினால் ரயிலில்தான் பொழுது போகும். என் யோசனை, ஒரே ஒரு லைன். 1927-ல் ஆசாகுசாவுக்கும் உவேனோவுக்கும் இடையே தொடங்கிய கின்சா லைன்தான் ஆசியாவின் முதல் சுரங்க ரயில். இன்று மொத்தமே 14 கிலோமீட்டர் சொச்சம். ஒரு நாளுக்குத் தேவையான எல்லாம் அதிலேயே இருக்கிறது. டோக்கியோ மெட்ரோவின் 24 மணி நேர டிக்கெட் சில நூறு யென்தான். நாலைந்து தடவை ஏறி இறங்குவதாக இருந்தால் அது லாபம்.

காலை எட்டு மணிக்குள் ஆசாகுசா. சென்சோ-ஜி புத்தர் கோயிலின் பெரிய சிவப்பு விளக்கு தொங்கும் வாசலைக் கூட்டமில்லாமல் பார்க்க அதுதான் நேரம். அனுமதி இலவசம். போரின்போது 1945-ல் குண்டுவீச்சில் எரிந்த பிரதான மண்டபத்தை 1958-ல் மறுபடியும் கட்டினார்கள்.

அங்கிருந்து பத்து நிமிஷ நடையில் இன்னொரு கோயில் இருக்கிறது. டூரிஸ்ட் கூட்டம் அவ்வளவாக எட்டிப் பார்க்காத மட்சுசியாமா ஷோடென். இங்கே இருப்பவர் நம்ம பிள்ளையார்! பௌத்தத்தோடு சேர்ந்து ஜப்பானுக்குப் போய் காங்கிடென் ஆகிவிட்டார். கொழுக்கட்டை, அருகம்புல் எல்லாம் இல்லை. முள்ளங்கிதான் படையல். வெள்ளை வெளேரென்ற முழு முள்ளங்கியை வாங்கி வைத்துக் கும்பிடுகிறார்கள். கோயில் முழுக்க முள்ளங்கியும் பணப்பையும்தான் சின்னம். மூலவரைப் பார்க்க முடியாது, திரைக்குப் பின்னால் மறைத்தே வைத்திருப்பார்கள். தும்பிக்கையைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஆனால், ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து முள்ளங்கி சாப்பிடப் பழகிக்கொண்டவரைப் பார்த்துவிட்டு வருவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

மூன்றாவது ஸ்டேஷன் உவேனோ. பெரிய பூங்கா, டோக்கியோ தேசிய அருங்காட்சியகம். மழை என்றால் மதியம் வரை இங்கேயே ஓட்டிவிடலாம். கின்சாவில் கடை ஜன்னல்களைப் பார்த்தபடி ஒரு நடை; வாங்கும் எண்ணம் வேண்டாம். ஓமோடெசாண்டோவில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் மெய்ஜி ஆலயத்தின் காடு. நகரத்தின் நடுவே அடர்ந்த மரங்கள், சத்தமே இல்லை. இதுவும் இலவசம்.

கடைசி ஸ்டேஷன் ஷிபுயா. சுரங்க ரயில் இங்கே மாடியில் வந்து நிற்கும். ஷிபுயா ஒரு பள்ளத்தாக்கு, ரயில் அதே மட்டத்தில் வர, தரைதான் கீழே போய்விடுகிறது. ஹாச்சிகோ நாய்ச் சிலை இருக்கும் வாசல் வழியாக வந்தால் அந்தப் புகழ்பெற்ற கிராஸிங். கூட்டத்தோடு ஒரு முறை குறுக்கே நடந்து பாருங்கள். யாரும் யாரையும் இடிப்பதில்லை. இதே ஷிபுயாவில் சினிமா ரைஸ் என்று ஒரு தியேட்டர் இருந்தது. 1998-ல் ரஜினியின் ‘முத்து’ அங்கேதான் மாதக்கணக்கில் ஓடியது. 2016-ல் தியேட்டரை மூடிவிட்டார்கள்.

ஊரை மேலிருந்து பார்க்கணுமா? 634 மீட்டர் ஸ்கைட்ரீக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் யாமனோடே லைனில் ஷின்ஜுகு போய், மேற்கு வாசல் வழியாக மாநகர அரசு கட்டடத்துக்கு நடக்கலாம். 45-வது மாடி, 202 மீட்டர் உயரம், இலவசம். வானம் தெளிவாக இருந்தால் சூரியன் மறையும்போது ஃபுஜி மலையும் தெரியும்.

சாப்பாடு?

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காய்கறி சூப் என்று தருவதிலும் மீன் சாறு இருக்கும். நம்ம ஊர்ச் சாப்பாடு வேண்டுமானால் தோசாய் லைனில் நிஷி-கசாய் போங்கள். 2000-ம் ஆண்டையொட்டி வந்த இந்திய சாஃப்ட்வேர் இன்ஜினியர்கள் குடியேறிய இடம். பருப்பு, அரிசி, மசாலா எல்லாம் கிடைக்கும்.

கடைசி ரயிலை விட்டால்?

டோக்கியோ ரயில்கள் ராத்திரி முழுக்க ஓடாது. நள்ளிரவு 12-லிருந்து 1 மணிக்குள் எல்லாம் நின்றுவிடும். அதிகாலை 5 மணியையொட்டித்தான் மறுபடி தொடங்கும். டாக்ஸி முதல் கிலோமீட்டருக்கு 500 யென் என்பது குறைவாகத் தெரியும். ஆனால், இரவு 10 மணிக்கு மேல் 20 சதவீதம் கூடுதல். ஷிபுயாவிலிருந்து யோகோஹாமா வரை போனால் பத்தாயிரம் யெனைத் தாண்டிவிடும். அதாவது, ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு. திங்கள்கிழமை காலை ஷிப்டும் இருக்கிறது.

யோகோஹாமாவில் தங்கியிருப்பவர்களுக்கு ஷிபுயாவிலிருந்து தோக்யூ தோயோகோ லைன் நேராகப் போகிறது, ஜே.ஆரை விடக் கட்டணம் குறைவு. மினாடோமிராய் வரை அதே வண்டியில் உட்கார்ந்தே போகலாம். ஆனால் எல்லா வண்டியும் கடைசி ஸ்டேஷன் வரை போகாது. நடு இரவு வண்டிகள் பாதியிலேயே முடிந்துவிடும். சாயங்காலமே உங்கள் ஸ்டேஷன் வரை போகும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்து, போனில் சார்ஜ் இருக்கும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க.