சொற்ப மூலதனத்தில் ஒரு நாணய யந்திரம்

2009-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி, சாதோஷி நாகமோட்டோ என்ற பெயருக்குப் பின்னால் மறைந்திருந்தவர் பிட்காயின் என்ற மின்னணு நாணயத்தின் முதல் பிளாக்கை, அதாவது அதன் கணக்கேட்டின் முதல் தொகுப்பை, உண்டாக்கியபோது, அந்தக் காரியத்தில் பங்கு கொள்ள விரும்பியவருக்கு மேஜைமீது கிடக்கும் சாதாரணக் கம்ப்யூட்டரைத் தவிர வேறு உபகரணம் எதுவும் அவசியப்படவில்லை; பிளாக் ஒன்றுக்கு 50 நாணயம் சன்மானம் என்ற அந்தத் தாராளமான காலத்தில், வழி திறந்து கிடந்தும் அதில் நடப்பதற்குத்தான் ஆள் இல்லை. அடுத்த ஆண்டிலேயே கிராபிக்ஸ் கார்டுகள் அந்த வேலையில் பிரவேசித்தன. 2013-இல், அந்த வேலைக்குரிய ஒரே கணக்கைப் போடுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட ஏசிக் யந்திரங்கள் வந்து சேர்ந்தன. சன்மானமோ, ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதி பாதியாகத் தேய்ந்து, 2024 ஏப்ரலில் 3.125 நாணயத்தில் வந்து நின்றது. ஆகவே, வீட்டுக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பிட்காயின் சம்பாதித்துவிடலாம் என்ற ஆசையை இப்போதே விட்டுவிடுவது உத்தமம்.

ஆயினும், கையில் இருக்கும் சொற்பப் பணத்தில் மைனிங் என்று வழங்கும் இந்தக் கணக்கு வேலைக்குத் தம் முதல் யந்திரத்தைத் தாமே பூட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆர்வமுள்ள இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழியும் இல்லாமல் இல்லை. அந்த வழியில் இறங்குமுன், இந்த யந்திரம் எதை விற்று எதைப் பெறுகிறது என்பதை அவர்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். உலகெங்கும் இத்தகைய நாணயத்தில் நடக்கும் பரிமாற்றங்களைப் பிளாக் பிளாக்காகச் சேர்த்துக் கணக்கேட்டில் பதிவு செய்யும் உரிமை, குறிப்பிட்ட நிபந்தனைக்குப் பொருந்துகிற ஓர் எண்ணை முதலில் கண்டுபிடிப்பவருக்கே கிடைக்கிறது. அந்த எண்ணைக் கண்டுபிடிக்க யுக்தி எதுவும் கிடையாது, கோடிக்கணக்கான எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர. யந்திரங்கள் பெருகிவிட்டால் பிளாக்குகள் சீக்கிரம் கிடைத்துவிடுமே என்றால், அதற்கும் இடமில்லை. பிட்காயினில் 2,016 பிளாக்குகளுக்கு ஒருமுறை நிபந்தனையின் கடுமை தானாகவே திருத்தப்பட்டு, பிளாக்குக்குப் பத்து நிமிஷம் என்ற சராசரி காப்பாற்றப்படுகிறது. ஆக, யந்திரம் வாங்குபவர் வாங்குவது, உலகத்தார் அனைவரும் சேர்ந்து செய்யும் பிரயாசையில் ஒரு பங்கு மாத்திரமே. யாரோ முகமறியாத ஒருவர் எங்கோ நூறு யந்திரங்களை ஓட்டத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே, நாம் எதுவும் செய்யாமல் இருக்கும்போதே, அந்தப் பங்கு சுருங்கிவிடுகிறது.

இந்தத் தத்துவத்தின் விளைவை எதீரியத்தின் சரித்திரம் பிரத்தியட்சமாகக் காட்டியது. 2015 ஜூலையில் தோன்றிய அந்த நாணயம், வேகத்தைக் காட்டிலும் ஞாபகசக்தியை, அதாவது கார்டில் உள்ள மெமரியை, அதிகமாகக் கேட்கும் முறையைக் கையாண்டதால், விளையாட்டுப் பிரியர்களுக்காகச் செய்யப்பட்ட கிராபிக்ஸ் கார்டுகளுக்கு மகத்தான யோகம் வந்தது. திறந்த அலுமினியச் சட்டத்தில் ஆறு, எட்டுக் கார்டுகளைத் தொங்கவிட்ட ரிக்குகள் வீட்டு மாடிகளில் இரவு பகலாக இரைந்தன. 2017-இலும் மீண்டும் 2021-இலும் கடைகளில் கார்டு கிடைப்பதே துர்லபமாயிற்று. என்விடியா நிறுவனம் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டில், மைனிங் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் தடையையே வைத்துப் பார்த்தது. இவ்வளவு கோலாகலமும் 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி, எதீரியம் மைனிங்கையே கைவிட்டு வேறு முறைக்கு மாறிய அந்த ஒரே நாளில் அடங்கிப்போயிற்று. எதீரியம் கிளாசிக், ரேவன்காயின் போன்றவை இன்னும் கார்டுகளுக்கு வேலை தருகின்றன என்றாலும், ஒரு பெரிய நாணயத்தைவிட்டு வெளியேறிய கூட்டம் சிறிய நாணயங்களின் வாசலில் வந்து நெருக்கியபோது, ஒவ்வொருவருக்கும் கிடைத்த பங்கு எவ்வளவாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் யந்திரத்திற்கு, ஆகவே, மொனேரோ என்ற நாணயமே தகுந்தது என்பது என் அபிப்பிராயம். 2019 நவம்பரில் அது ஏற்றுக்கொண்ட ரேண்டம்எக்ஸ் என்ற முறை, சாதாரணப் பிராசஸர்களே இந்த வேலைக்குச் சிறந்தவையாக இருக்க வேண்டும் என்ற உத்தேசத்தோடு வகுக்கப்பட்டது. இதில் ஒவ்வொரு திரெட்டுக்கும் பிராசஸரின் கேஷ் மெமரியில் 2 எம்.பி. இடம் வேண்டும்; ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 32 எம்.பி. கேஷ் கொண்ட ரைசன் 5 3600 போன்ற பழைய பிராசஸர் இந்த லட்சணங்களுக்குப் பொருந்துவதோடு, செகண்ட் ஹேண்டாகவும் அகப்படக்கூடியது. ரேம் விஷயத்தில், 16 ஜி.பி. ஸ்டிக் ஒன்றைக் காட்டிலும் 8 ஜி.பி. ஸ்டிக்குகள் இரண்டை வாங்கிச் சொருகுவதே விவேகம். இரண்டு பாதைகளில் தரவு ஓடுவதால் வேகம் கூடும். அந்தப் பிராசஸரில் படம் காட்டும் வசதி இல்லாததால், ஆரம்ப ஏற்பாடுகளுக்கு ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம். சிக்கனம் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், பவர் சப்ளையில் மாத்திரம் கூடாது. இரவும் பகலும் ஓயாது ஓடும் யந்திரத்துக்கு, பெயர் தெரியாத மலிவுப் பெட்டி ஒன்றைப் பூட்டுபவர், மிச்சம் பிடித்த காசைப் போல் பன்மடங்கு மதிப்புள்ள உறுப்புகளைப் பணயம் வைக்கிறார்.

கார்டுகளை வைத்தே கட்டுவேன் என்று பிடிவாதமாக இருப்பவர், கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் ரைசர் என்ற சிறு உறுப்பின்மேல் விசேஷ கவனம் வைக்க வேண்டும். அதற்கு மின்சாரம் கொடுக்க சாட்டா இணைப்பை உபயோகிப்பது வழக்கமாகிவிட்ட ஓர் அபாயம். அந்த இணைப்பு தாங்கக்கூடியது 54 வாட், கார்டு அதன் வழியே இழுக்கக்கூடியதோ 75 வாட் வரை. இந்த வித்தியாசத்தினால் ஒயர் உருகித் தீப்பற்றிய ரிக்குகள் உண்டு. பவர் சப்ளையின் முழுச் சக்தியில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் சுமை ஏற்றாமலும், கார்டின் வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வேகம் கெடாத எல்லையில் நிறுத்தியும் ஓட்டுவது அனுபவஸ்தர்களின் முறை.

இனி, இந்தத் தொழிலின் உண்மையான மூலதனமாகிய மின்சாரத்துக்கு வருவோம். ஆறு கார்டு ரிக் ஒன்று 900 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 21.6 யூனிட், இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 1,300 யூனிட் ஆகிறது. தமிழ்நாட்டு வீடுகளில், 2024-இன் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது என்பது உண்மையே. ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் உள்ள சலுகையும் குறைந்து, ஆயிரத்தைத் தாண்டிய யூனிட்டுக்கு 11 ரூபாய்க்குமேல் கொடுக்க வேண்டியிருந்தது. இவ்வளவு மின்சாரமும் முடிவில் உஷ்ணமாகவே அறைக்குள் இறங்குவதால், அதை வெளியேற்ற ஏ.சி. போட்டுக்கொண்டால் லாபம் என்ற பேச்சுக்கே இடமிராது. மொனேரோ யந்திரமோ சுமார் 100 வாட்டில், இரண்டு மாதத்துக்கு 144 யூனிட்டோடு திருப்தி அடைந்துவிடும்.

அதன் வருமானத்தையும் பார்த்துவிடுவோம். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு பிளாக், பிளாக்குக்கு 0.6 நாணயம் என்ற விகிதத்தில், நாளொன்றுக்கு உலகம் முழுவதற்கும் பிறக்கும் மொனேரோ 432. உலகத்தின் மொத்த வேகம் விநாடிக்கு 500 கோடி முயற்சி என்றும், நம்முடையது ஏழாயிரம் என்றும் வைத்துக்கொண்டால், நம் பங்கு சுமார் ஏழு லட்சத்தில் ஒன்று, நாளைக்கு 0.0006 நாணயம். தனியே ஓடி முழுப் பிளாக்குக்காகக் காத்திருந்தால் வருஷங்கள் கழியலாம் என்பதால், ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல் பலர் சேர்ந்து உழைத்துப் பலனைப் பகிர்ந்துகொள்ளும் பூல் ஒன்றில் சேர்வதே வழக்கம். கிடைத்ததை விற்கப் போனால், பைனான்ஸ் போன்ற பெரிய சந்தை 2024-இல் மொனேரோவைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது என்பதும், இந்தியாவில் இத்தகைய சொத்தின் லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவிகித வரி உண்டு என்பதும் எதிர்ப்படும். அந்த லாபத்தைக் கணக்கிடும்போது, மைனிங்குக்கான கட்டமைப்புச் செலவை நாணயத்தின் கிரயமாகக் கருதிக் கழித்துக்கொள்ள முடியாது என்று மத்திய நிதி அமைச்சகம் பார்லிமெண்டிலேயே தெரிவித்திருக்கிறது. செலவு முழுவதும் நம்முடையது. வரவில் மாத்திரம் சர்க்காருக்குப் பங்கு.

இத்தனையும் கூட்டிக் கழித்தால், சொற்ப மூலதனத்தில் கட்டும் முதல் யந்திரம் மின்கட்டணத்தை ஈடு செய்துகொண்டாலே அதிருஷ்டம் என்ற முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பிராசஸரும் ரேமும் மதர்போர்டும், நாணயத்தின் விதி நாளைக்கே மாறினாலும், நல்ல கம்ப்யூட்டராக இன்னும் பல வருஷம் வேலை செய்யும். அதைப் பூட்டியவர் கற்றுக்கொண்ட வித்தையும் விலை போகாமல் இராது. பட்ஜெட் போடுகிறவர் ஒவ்வொரு உறுப்பையும் வாங்குமுன், மைனிங் நின்றுபோன மறுநாள் இதற்கு வேறு உபயோகம் உண்டா என்று கேட்டுக்கொள்ளட்டும். இல்லை என்ற பதில் வரும் உறுப்புக்கு, அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், பணம் கொடுக்காதிருக்கட்டும்.