அரிவாள் அடித்து மிஞ்சிய எஃகுத் துண்டில் என்ன செய்யலாம்?

பழைய இரும்புக் கடையில் லாரி ஸ்பிரிங் பட்டை வாங்கி, கொல்லுப்பட்டறையில் அரிவாள் அடித்துக்கொள்ளும் வழக்கம் சிறு விவசாயிகளிடம் உண்டு. அரிவாள் முடிந்ததும் நான்கு அங்குல நீளத்தில் ஒரு துண்டு மிஞ்சும். பெரும்பாலும் அது மாட்டுக் கொட்டகை எறவாணத்தில் செருகப்பட்டுத் துருவேறிப் போகிறது. அல்லது, "இதையும் ஒரு கத்தியாக அடித்துவிடுங்கள்" என்று கொல்லரிடம் நீட்டப்படுகிறது. ஏற்கெனவே இரண்டு கத்தி இருக்கும் வீட்டுக்கு மூன்றாவது கத்தி வந்து சேருகிறது. அடித்த கூலியும் கரியும்தான் செலவு.

துண்டு சிறியது என்பதால் அலட்சியம் கூடாது. நான்கு அங்குல நீளம், 6 செ.மீ. அகலம், 7 மி.மீ. கனம் உள்ள துண்டின் எடை சுமார் 330 கிராம் இருக்கும். காய்ச்சி அடிக்கும்போது எஃகு நீளும், அகலும். கொஞ்சம் செதிலாக உதிர்ந்தாலும், நல்ல கைக்கருவி ஒன்றுக்கு இந்த எடை போதும். ஆகவே நீளத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல் தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தது, அது எஃகுதானா என்பது. ஸ்பிரிங் பட்டையில் கார்பன் என்னும் கரிச்சத்து நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேலாக இருக்கும். சாதாரணக் கம்பி, பட்டை இரும்பில் இது கால் பங்குக்கும் குறைவு. அதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் வாய் நிற்காது. சாணைச் சக்கரத்தில் தொட்டால் சாதா இரும்பு நீண்ட பொறிகளாகச் சிந்தும். எஃகின் பொறி மத்தாப்பு போல நுனியில் வெடித்துப் பிரியும். சந்தேகம் இருந்தால் ஒரு மூலையை மட்டும் வெட்டியெடுத்து, காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, ஆறியபின் அரம் போட்டுப் பார்க்கலாம். அரம் வழுக்கினால் எஃகு. கடித்தால் சாதா இரும்பு. பல வருடம் பாரம் தாங்கிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கக்கூடும். துருவைத் தேய்த்துவிட்டுப் பார்த்து, கீறல் உள்ள பகுதியைத் தள்ளிவிட வேண்டும்.

என்ன செய்வது என்பதை முடிவு செய்ய எளிய வழி ஒன்று உண்டு. போன வருடம் எந்தக் கருவியை இரவல் கேட்டு அடுத்த வீட்டுக்குப் போனோம் என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து மானாவாரி மணிலாக் கொல்லையை எடுத்துக்கொள்வோம். விதைத்து இருபதாம் நாள் வாக்கில் முதல் களை, நாற்பதாம் நாள் வாக்கில் இரண்டாம் களை. நாற்பத்தைந்து நாளுக்கு மேல் விழுது மண்ணில் இறங்கிவிடும். அப்போது மண்ணைக் கிளறினால் காய் பிடிப்பது குறையும். களைக்கொத்து மழுங்கிப்போய் ஒரு நாள் வேலை இரண்டு நாளானால், கூலி கூடுவதோடு பருவமும் தவறும். இப்படிப்பட்ட வீட்டில் மிஞ்சிய துண்டு களைக்கொத்தாக வேண்டும். அகலமும் பொருத்தம்தான். செடிக்குச் செடி 10 செ.மீ. விட்டு விதைத்த கொல்லையில் 6 செ.மீ. வாய் வேரைத் தொடாமல் போகும். பட்டையின் அகலத்தை அப்படியே விட்டு, வாயை மட்டும் மெல்லிதாக்கி, மறு முனையைக் காம்பில் இறங்கும் வாலாக நீட்டி வளைத்தால் கரியும் மிச்சம், கூலியும் மிச்சம்.

ஆடு வளர்ப்பவருக்குக் கணக்கு வேறு. கோடையில் வேலி மரத்துத் தழையை இழுத்து அறுக்கத் தொரட்டி வேண்டும். தொரட்டியின் அலகு இலேசாக இருந்தால்தான் மூங்கிலை நாள் முழுவதும் தூக்க முடியும். எனவே சின்னத் துண்டு அதற்குக் குறையே அல்ல. (பச்சை மூங்கிலிலும் மின்சாரம் பாயும். கம்பி போகும் மரத்தில் தொரட்டி போடக் கூடாது.) நெல் அறுக்கும் கருக்கரிவாளுக்கு இத்துண்டை நீட்டலாம் என்றாலும், பலமுறை காய்ச்ச வேண்டியிருக்கும். காய்ச்சுந்தோறும் மேல்பரப்பில் கரிச்சத்து எரிந்து போகும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பொருளுக்கு இந்தப் பாடு தேவையில்லை. மா, கொய்யா ஒட்டுக்கட்டும் கத்திக்கு ஸ்பிரிங் பட்டையைவிடத் தேய்ந்த அரத்தின் துண்டு மேல். அதில் கரிச்சத்து ஒரு பங்கு வரை இருப்பதால் கூர் நீடிக்கும்.

பட்டறைக்குப் போகுமுன் அட்டையில் கருவியின் உருவத்தை வெட்டி, களையெடுக்கும் பெண்களின் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். உட்கார்ந்து கொத்துபவருக்கு ஒரு வளைவு, குனிந்து கொத்துபவருக்கு வேறு வளைவு. இதைக் கேட்காமல் அடித்த கொத்து மணிக்கட்டை வலிக்கச் செய்யும். இரண்டே நாளில் மூலைக்குப் போய்விடும்.

கொல்லரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுவது நல்லது. முதலாவது, தோய்ப்பது எண்ணெயில்தான். இந்த எஃகைத் தண்ணீரில் போட்டால் வெடிக்கலாம். எண்ணெய் தீப்பற்றும் என்பதால் மூடி பக்கத்தில் இருக்கட்டும், குழந்தைகள் தள்ளியிருக்கட்டும். இரண்டாவது, தோய்த்ததோடு விட்டால் கண்ணாடி போல நொறுங்கும். வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்புறமிருந்து மெல்லச் சூடேற்ற வேண்டும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம் ஓடும். கத்திக்கு வைக்கோல் நிறம் முற்றிய கட்டத்தில் நிறுத்தலாம். சரளைக் கல்லில் மோதும் களைக்கொத்துக்குக் கத்தரிப்பூ நிறம் தாண்டி நீலம் எட்டும்வரை விட வேண்டும். தொரட்டிக்கு இரண்டுக்கும் நடுவே. மூன்றாவது, எதையும் வெல்டிங் வைத்து ஒட்டுவதானால் தோய்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். அதுவும் துண்டைச் சூடாக்கி ஒட்டி, சாம்பலில் புதைத்து ஆறவிட வேண்டும். குளிர்ந்த எஃகில் வைத்த ஒட்டு, ஓரத்தில் கீறிக்கொண்டு விடும். முடிந்தவரை ஆணி அறைந்து இணைப்பதே மேல்.

துண்டில் வெள்ளை நாகப்பூச்சு இருந்தால் உலையில் வைக்கக் கூடாது. அதன் புகை நஞ்சு.

விதைப்புக்கு முன் பட்டறையில் கூட்டம் குறைவு. களை தொடங்கியபின் போனால் ஊர்க் கொத்துகளெல்லாம் வரிசையில் நிற்கும். வெட்டியெடுத்த மூலையும் ஓரங்களும் மிஞ்சினால் கொல்லரிடமே விட்டுவிடலாம். யாருடைய கடப்பாரைக்காவது நுனி வைக்க அவருக்கு உதவும்.