பக்தர்கள் இல்லையேல் கடவுள் இல்லை

சாகாத கடவுளையும் சாகடிக்கலாம் என்று விதி வகுத்த விளையாட்டு, 1974இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதன் புகழ்பெற்ற கற்பனை உலகங்களில் ஒன்று, கனடா எழுத்தாளர் எட் கிரீன்வுட் படைத்த 'ஃபர்காட்டன் ரியல்ம்ஸ்'. போர், மரணம், மந்திரம், விளைச்சல் என்று அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வம் உண்டு.

எல்லாருக்கும் மேலே ஏவோ. அவரை யாரும் கும்பிடுவதில்லை. அவரும் அதை எதிர்பார்ப்பதில்லை. பேன், மிர்குல் என்ற இரு தெய்வங்கள் அவருடைய விதிப் பலகைகளைத் திருடியதும் அவருக்குக் கோபம் வந்தது. காவல் தெய்வமான ஹெல்ம் தவிர மற்ற அனைவரையும் மனித உடலோடு மண்ணில் தள்ளினார். மந்திரத்தின் தேவியான மிஸ்ட்ரா, தடையை மீறி விண்ணுலகப் படிக்கட்டில் ஏற முயன்றாள். வாசலிலேயே ஹெல்ம் அவளைக் கொன்றான். உலகமெங்கும் மந்திரங்கள் தாறுமாறாகின. கடைசியில் மிட்நைட் என்ற மானிடப் பெண் மந்திரவாதியே அந்தப் பதவிக்கு வந்தாள்.

அதன்பின் ஏவோ புது விதி செய்தார்: பக்தர்களின் நம்பிக்கையே தெய்வத்தின் பலம். பக்தர் பெருகினால் சக்தி கூடும். மறந்துபோனால் தெய்வமே தேய்ந்து மறையும்.

வரம் கொடுப்பவரையும் பொறுப்புக்கு உட்படுத்தியதுதான் இந்தக் கற்பனையின் பெருமை. அந்தக் குழப்பத்தில் மாண்ட கொலைத் தெய்வம் பாலின் வாரிசாக ஆட்டக்காரரையே ஆக்கியது, 1998இல் வந்த 'பால்டர்ஸ் கேட்' கணினி விளையாட்டு. அதன் மூன்றாம் பாகம் 2023இல் வெளிவந்தது. பேன், பால், மிர்குல் மூவரின் நிழல் அதிலும் தொடர்கிறது.