பந்தயத் தடத்தில் பிடிக்கும் டயர் மழையில் வீடு சேர்க்குமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைக் கடந்து புதுச்சேரியை நோக்கித் தெற்கே போகிறவர்களுக்குக் கடப்பாக்கம் தெரியாமல் இராது. கழிமுகமும் தென்னந்தோப்பும், கடலோரத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த மதிலுமாக அமைதியான ஊர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மட்டும் அந்த அமைதி கொஞ்சம் கலையும். தாழ்ந்த உடலும் அகன்ற சக்கரமுமாக ஸ்போர்ட்ஸ் கார்கள் சில உறுமிக்கொண்டு வரும். டீக்கடை பெஞ்சில் இருப்பவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்வதற்குள் அவை மறைந்துவிடும்.

அந்த வேகம் இந்தச் சாலைக்கு ஏற்றதல்ல. இங்கே குறுக்கே மாடு வரும். மீன் கூடையைக் கட்டிய மொபெட்டும் வரும். வேகத்தை ருசி பார்க்க விரும்புகிறவர்களுக்கென்று தனி இடம் ஒன்று இருக்கிறது. கடப்பாக்கத்திலிருந்து செய்யூர், மதுராந்தகம், செங்கற்பட்டு, ஒரகடம் வழியே சுமார் நூறு கிலோமீட்டர் போனால் இருங்காட்டுக்கோட்டை. 1953-ல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பல ஆண்டுகள் சோழவரத்தில், இரண்டாவது உலக யுத்த காலத்து விமானத் தளத்தில் பந்தயங்களை நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் பிறந்தது. நீளம் 3.717 கிலோமீட்டர், வளைவுகள் 12.

இங்கே பந்தயம் இல்லாத நாட்களில் ‘டிராக் டே’ என்று நடப்பதுண்டு. கட்டணம் கட்டி, ஹெல்மெட் அணிந்து, சொந்தக் காரிலேயே தடத்தைச் சுற்றி வரலாம். கோப்பையும் கிடையாது, போட்டியும் கிடையாது. காரை ஓட்டிக்கொண்டே வந்து, ஓட்டிக்கொண்டே வீடு திரும்பலாம். இதற்கு எந்த டயர் வாங்குவது என்பதில்தான் பலருக்கும் குழப்பம்.

உள்ளங்கை அளவு ரப்பர்

கார் எத்தனை லட்சம் விலையானாலும் பூமியைத் தொடுவது நான்கு சக்கரங்களின் அடியில், சக்கரத்துக்கு ஓர் உள்ளங்கை அளவு ரப்பர்தான். எஞ்சின் தள்ளுவதும், பிரேக் நிறுத்துவதும், ஸ்டீயரிங் திருப்புவதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் தயவில்தான்.

டயர் கைவிட்டால் உலகப் பிரசித்தி பெற்ற நிபுணர்களும் நிற்க வேண்டியதுதான் என்பதை 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியனாபோலிஸில் உலகமே பார்த்தது. ஃபார்முலா ஒன் பந்தயம். இரண்டு நாட்களுக்கு முன் பயிற்சியின்போது ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் பழுதாகிக் கார் சுவரில் மோதியது. அதிவேகமாகச் சாய்ந்து திரும்பும் 13-ஆவது வளைவைத் தங்கள் டயர்கள் தாங்குமென்று உறுதி சொல்ல முடியாது என்று மிஷெலின் கம்பெனியே கைவிரித்தது. மிஷெலின் டயர் பூட்டிய 14 கார்கள் ஒத்திகைச் சுற்று முடிந்ததும் ஒதுங்கிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறே கார்கள் ஓடின. அந்த ஆறில் ஒன்றை ஓட்டியவர் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. அதிர்ஷ்டம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் அவர் காரும் அதே வளைவில் எழுபத்துச் சொச்சம் தடவை திரும்பத்தான் செய்தது!

சூடு ஏறினால்தான் பிடிப்பு

கடையில் கிடைக்கும் டயர்களைப் பார்ப்போம். ஒரு கோடியில் சாதாரணச் சாலை டயர். மறு கோடியில் பட்டனே இல்லாத, மொழுமொழுவென்ற ‘ஸ்லிக்’. அது பந்தயத்துக்கு மட்டுமே. சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தராது. கார் டயரின் பட்டன் குறைந்தது 1.6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இவ்விரண்டுக்கும் நடுவே வேகப் பிரியர்களுக்கான ஸ்போர்ட்ஸ் சாலை டயரும், பெயருக்கு நாலு கோடு கிழித்த ‘செமி ஸ்லிக்’கும் இருக்கின்றன. போட்டியெல்லாம் இந்த இரண்டுக்கும்தான்.

அமெரிக்க விதிப்படி டயரின் பக்கவாட்டில் ‘ட்ரெட்வேர்’ என்று ஓர் எண் பொறித்திருக்கும். எண் குறையக் குறைய ரப்பர் மிருது, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. அன்றாட டயர்களில் 400, 500 என்று காணலாம். செமி ஸ்லிக்கில் 200-ம் அதற்குக் கீழும் இருக்கும். ஆனால் இதையே வேதவாக்காகக் கொள்வதற்கில்லை. மார்க் போடுகிறவர்கள் தயாரிப்பாளர்களேதான். ஒரு கம்பெனியின் 200-ம் இன்னொரு கம்பெனியின் 200-ம் ஒன்றாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

செமி ஸ்லிக் டயர் சூடேறிய பிறகுதான் தன் குணத்தைக் காட்டும். எண்பது, தொண்ணூறு டிகிரி வந்ததும் தாரைக் கவ்விப் பிடிக்கும். குளிர்ந்திருக்கும்போது அதை நம்பி முதல் வளைவிலேயே வீரம் காட்டினால் புல்தரைக்குப் போக வேண்டியதுதான். சாலை டயரின் கஷ்டம் வேறு. அதன் பட்டன்கள் உயரமானவை. கடும் வளைவில் அவை நெளியும், மிதமிஞ்சிச் சூடாகும். நாலைந்து சுற்றுக்குப் பிறகு வழுவழுக்கும், சமயத்தில் துண்டு துண்டாகப் பிய்ந்தும் போகும். ஐரோப்பியப் பத்திரிகைகளில் வரும் சோதனை முடிவுகளை அப்படியே நம்பி டயர் வாங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த ஊர்க் குளிர் வேறு, சித்திரை மாதத்து இருங்காட்டுக்கோட்டைத் தார் வேறு. இங்கே நடுப்பகலில் தார் 50 டிகிரிக்கு மேல் சுடும். டயரைச் சூடாக்குவது நமக்குச் சிரமமே இல்லை. ஆற வைப்பதுதான் சிரமம்.

காற்றும் மழையும்

டயர் சூடானால் உள்ளே காற்றழுத்தம் ஏறும். பஞ்சர் கடைக்காரர் ‘பாயிண்ட்’ என்று சொல்லும் கணக்கில், காலையில் 32 பாயிண்ட் இருந்தது தடத்தில் சில சுற்றுக்குப் பிறகு ஏழெட்டுப் பாயிண்ட் ஏறிவிடும். அவ்வளவு விறைத்த டயர் நடுவில் மட்டும் தரையைத் தொடும், பிடிப்பு குறையும். ஆகவே அனுபவசாலிகள் முதலிலேயே காற்றைக் குறைத்து, 26, 27 என்று வைத்துக்கொண்டு புறப்படுவார்கள். சூட்டில் தானாகவே சரியான அளவுக்கு வந்து நிற்கும்.

ஆபத்து அதற்குப் பிறகுதான். மாலையில் ஓட்டம் முடிகிறது. மனம் நிறைந்த களைப்போடு கடற்கரைச் சாலையில் திரும்புகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மாதமானால் செய்யூர் தாண்டும்போதே வானம் கறுத்துவிடும். வடகிழக்குப் பருவமழை கடப்பாக்கத்தில் தூறலோடு நிற்பதில்லை. சாலையோரத்துக் கழிமுகத்துக்கும் தார்ச்சாலைக்கும் வித்தியாசம் தெரியாமல் கொட்டும். டயர் குளிர்கிறது. காற்று பழைய 26 பாயிண்டுக்கே இறங்கிவிடுகிறது.

அமெரிக்காவின் நாசா நிறுவனம் விமானச் சக்கரங்களை ஆராய்ந்து 1963-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. பட்டன் பள்ளங்களால் வடிக்க முடியாத அளவுக்குத் தண்ணீர் தேங்கினால், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் சக்கரம் தரையை விட்டுத் தண்ணீர்மேல் மிதக்கும். அந்த வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. அந்தக் கணக்கின்படி 32 பாயிண்ட் டயர் மிதக்கத் தொடங்குவது மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டரில். 26 பாயிண்ட் டயர் 85 கிலோமீட்டரிலேயே மிதக்கும். மிதக்கும் சக்கரத்துக்கு ஸ்டீயரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. ஆழமான பட்டனுள்ள சாலை டயர் நீரை வாரிப் பக்கவாட்டில் தள்ளித் தப்பித்துக்கொள்ளும். செமி ஸ்லிக்குக்கோ புதிதாக இருக்கும்போதே பள்ளம் குறைவு. ஒருநாள் தடத்தில் தேய்ந்த பிறகு கேட்க வேண்டாம். அகலமான டயராயிற்றே என்று தைரியம் கொள்வதும் தவறு. அகலம் கூடக் கூட ஒதுக்க வேண்டிய தண்ணீரும் கூடும்.

தனியாக நான்கு சக்கரங்களில் செமி ஸ்லிக்கைப் பூட்டி வைத்து, தடத்தில் மாற்றிக்கொள்வதே உத்தமம். ஆனால் இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரில் நான்கு சக்கரங்களை எங்கே வைப்பது? கூடவே இன்னொரு வண்டி வர வேண்டும். இது வசதியுள்ளவர்கள் காரியம். வெளிநாட்டு டயர்களுக்குக் கிராக்கி வேறு. 2020 ஜூன் மாதத்தில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. கிடைக்கிற அளவை வாங்கிப் பூட்டும் ஆசை அதனால் எழலாம். கார் கம்பெனி சொன்ன அளவையும் வேகக் குறியையும் விட்டு விலகுவது விவேகமல்ல. ‘வி’ என்றால் 240 கிலோமீட்டர், ‘டபிள்யூ’ என்றால் 270, ‘ஒய்’ என்றால் 300. தயாரித்த தேதியையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் என்று அர்த்தம். கிடங்கில் நாலைந்து வருஷம் கிடந்து இறுகிய செமி ஸ்லிக்கைத் தள்ளுபடியில் வாங்குவதில் லாபம் ஏதும் இல்லை.

ஒரே ஜோடியில் போய்த் திரும்புகிறவருக்கு, அதிலும் முதல் ஒன்றிரண்டு வருஷங்களுக்கு, நல்ல ஸ்போர்ட்ஸ் சாலை டயரே போதும். சுற்றுக்குச் சில விநாடி நஷ்டம்தான். ஆனால் வழுக்குமுன் அது கிறீச்சிட்டு எச்சரிக்கும். குறைந்த வேகத்திலேயே எச்சரிக்கும். செமி ஸ்லிக் அதிக வேகம்வரை பேசாமல் பிடித்திருந்துவிட்டுச் சட்டென்று கைவிடும். டயருக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை பிரேக் திரவத்துக்கும் பிரேக் பேடுக்கும் செலவிடுவது நல்லது. இருங்காட்டுக்கோட்டைச் சூட்டில் டயருக்கு முன்னால் மூச்சுவிடுவது பெரும்பாலும் பிரேக்தான்.

வீடு திரும்புமுன் டயர் நன்றாக ஆறும்வரை அரைமணி நேரமாவது காத்திருந்து, கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்றை ஏற்றிக்கொள்ள வேண்டும். சுடச்சுட அளந்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். காற்று போதுமென்று தோன்றிவிடும். உட்புற ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்து வெட்டோ வீக்கமோ இருந்தால் ஓட்டாமல் லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாம். சக்கர நட்டுகளை ஒரு தடவை முடுக்கிவிட்டுப் புறப்பட்டால், மழை பிடிப்பதற்குள் மதுராந்தகம் தாண்டிவிடலாம்.