சிலந்தி வலை பின்னிய கார்

உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரை நண்பகலில் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மாலையில் சூரியன் தாழ்ந்து வரும்போது, பொனட்டின் பக்கமாகச் சற்றுக் குனிந்து பாருங்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதைப் போல ஆயிரமாயிரம் மெல்லிய கோடுகள் தெரிகின்றனவா? வெள்ளைக் காரில் இவை இலேசில் தென்படமாட்டா. கறுப்பிலும் கருநீலத்திலும் மானம் போய்விடும்!

இவை உண்மையில் வட்டக் கோடுகளே அல்ல. எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஓடும் நுண்கீறல்கள். வெளிச்சத்துக்குக் குறுக்கே அமைந்தவை மாத்திரம் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. நீங்கள் ஓரடி நகர்ந்தால் வலையும் உங்களோடு நகரும்.

கீறியது யார்? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மேல் பழியைப் போட வேண்டாம். பெரும்பாலும் நாம்தான். காலையில் அவசரமாகக் கிளம்பும்போது, தூசி படிந்த காரைப் பழைய சாரன் துண்டால் உலரத் துடைக்கிறோமே, அதுதான் முதற் குற்றவாளி. தெருப் புழுதி என்பது பொடி மணல். மணலை வைத்துத் தேய்த்தால் எது கீறாது? ஒரே வாளித் தண்ணீரில் சில்லையும் கழுவி, அதே ஸ்பொன்ஞ்சை பொனட்டுக்கும் கொண்டுபோவது இரண்டாவது குற்றம்.

2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022 இல் எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்காக வெயிலில் காய்ந்த கார்கள் எத்தனை! இருக்கும் பழைய காரைப் பேணிக்கொள்வது பல குடும்பங்களுக்கு ஆடம்பரமல்ல, தேவை. ஆனால் பேணுகிறோம் என்று நினைத்துக்கொண்டே காரைக் கெடுத்தும் விடலாம். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

வாப்பாவின் கருநீலக் காருக்கு ‘கட் அன்ட் பொலிஷ்’ செய்வதற்காக ஓரிடத்தில் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் கண்ணாடி போல் மினுங்கிக்கொண்டு வந்தது. வாப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று முறை கழுவியதும் வலை பழையபடி எட்டிப் பார்த்தது. அதுமட்டுமா? பொனட்டின் மேடான விளிம்பு நெடுக வெளிறிய கோடொன்று. அது இன்றும் இருக்கிறது.

நடந்தது என்னவென்று விளங்க வேண்டுமானால் பெயின்ட்டின் படைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். தகட்டின் மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற ‘கிளியர் கோட்’. எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரோன்தான். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரோன், அதாவது நீங்கள் எழுதும் கடதாசியின் தடிப்பில் பாதி. நுண்கீறல்கள் இந்தப் படையில்தான் இருக்கின்றன. பொலிஷ் செய்வதென்றால் கீறலை நிரப்புவதல்ல. சுற்றியுள்ள பரப்பைக் கீறலின் அடிமட்டம் வரை சீவி எடுப்பது. ஒவ்வொரு முறையும் கையிருப்பிலிருந்து கொஞ்சம் செலவாகிறது. விளிம்புகளில் படை இன்னும் மெல்லியது. அங்கே இயந்திரத்தை அழுத்தினால் சூடேறித் தேய்ந்துபோகும். பிறகு மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மூன்று கழுவலில் வலை திரும்பி வந்ததற்கும் காரணம் உண்டு: கீறலை எடுக்காமல், எண்ணெய்ப் பசையால் நிரப்பி மறைத்திருந்தார்கள்.

நீங்களே செய்வதாயின் ஆறுதலாகச் செய்யுங்கள். இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் கார் ஷம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷம்பூவில் தோய்க்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சில்லுகளுக்கு வேறு துணி. வெயிலில் கழுவாதீர்கள். புத்தளம், யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் கிணற்று நீர் கடினமானது. காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் படியும். தார்ப் பொட்டுகளைச் சிறிது மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் ஒற்றி எடுத்து, உடனே அந்த இடத்தைக் கழுவுங்கள்.

அடுத்து, கையை ஒரு மெல்லிய பொலித்தீன் பையினுள் விட்டு பொனட்டை வருடிப் பாருங்கள். சுத்தமாகக் கழுவிய காரும் மணற் கடதாசி போல் சொரசொரப்பதைக் கண்டு அதிசயிப்பீர்கள். ‘கிளே பார்’ என்ற களிமண் போன்ற கட்டியைச் சவர்க்கார நீர் தெளித்து மெதுவாக ஓட்டினால் ஒட்டியிருக்கும் துகள்கள் வந்துவிடும். கட்டி தரையில் விழுந்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். அதில் ஒட்டிய மணல் காரைக் கீறும்.

இப்போது நகத்தால் ஒரு பரீட்சை. கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டுங்கள். தடக்கினால் அது பொலிஷுக்குப் போகாத ஆழக் கீறல். அதை விட்டுவிடுங்கள். அதைத் துரத்திக்கொண்டு போனால் படை முழுவதும் தேய்ந்துவிடும். கூரையில் கிளியர் கோட் தோல் உரிவது போல் உரிந்திருந்தாலும் பொலிஷால் பயனில்லை.

விளிம்புகளையும் கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். எப்போதும் மிக மென்மையான பொலிஷில் தொடங்கி, இரண்டடிச் சதுரத்தில் மட்டும் சோதித்துப் பாருங்கள். போதாவிட்டால்தான் அடுத்ததற்குப் போகலாம். எடுத்த எடுப்பிலேயே கரடுமுரடான கொம்பவுண்டைத் தொட வேண்டாம். வெள்ளைத் துணியில் காரின் நிறம் ஒட்டுகிறதா? பயப்படாதீர்கள். மொரிஸ் மைனர் காலத்துக் கார்களைப் போல் கிளியர் கோட் இல்லாத பெயின்ட் அது. சுண்ணாம்பு பூத்தது போல் வெளிறியிருந்தாலும் பெரும்பாலும் நன்றாக மீண்டு வரும்.

இயந்திரம் வாங்குவதாயின், ஒரே அச்சில் சுழல்வதை அனுபவசாலிகளுக்கு விட்டுவிடுங்கள். சுழன்றுகொண்டே அலையவும் செய்யும் ‘டுவல் அக்ஷன்’ வகையில் சூடு குறைவு, ஆபத்தும் குறைவு. கையாலும் செய்யலாம். கை கடுக்கும், பலனும் பாதிதான். எனினும் வாரம் ஒரு கதவு என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதங்களில் ஒரு கார் முடிந்துவிடும்.

பொலிஷ் செய்த இடத்தை ஐசோப்ரொப்பைல் அல்கஹோலில் தண்ணீர் கலந்து துடைத்துப் பாருங்கள். (முகம் சுளிக்காதீர்கள், ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட்டின் இனந்தான்.) எண்ணெய்ப் பசை நீங்கிய பின்னும் வலை தெரியாவிட்டால் வேலை உண்மையில் முடிந்தது. பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மினுமினுக்கும் காரைக் கண்டதும் மயங்காமல், உரிமையாளரின் அனுமதியோடு ஓர் ஓரத்தை இப்படித் துடைத்துப் பாருங்கள். விற்பவராயின், நகத்துக்குத் தடக்கும் கீறலை நீங்களே முதலில் காட்டிவிடுங்கள்.

கடைசியாக மெழுகு. பிரேசில் நாட்டுப் பனை இனமொன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு நல்ல பளபளப்புத் தரும். நம் வெயிலில் ஓரிரு மாதங்களுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பறவை எச்சம் விழுந்தால் மெழுகு இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அன்றே நனைத்து ஊறவைத்து எடுங்கள்.

எங்கள் கருநீலக் காரை நானும் தம்பியும் ஒன்பது வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் செய்து முடித்தோம். பொனட்டின் வெளிறிய கோட்டைத் தொடவில்லை. வாப்பாவின் சாரன் துண்டு இப்போது டிக்கியில் இல்லை, சமையலறை வாசலில் கால்மிதியாகக் கிடக்கிறது.