காதில் ஏன் 'ஙொய்' என்கிறது?

ஊர்த் திருவிழாவில் நாதசுரக் கச்சேரி. முன்வரிசையில் இடம் கிடைத்ததே என்ற மகிழ்ச்சியில் ஒலிபெருக்கிப் பெட்டியை ஒட்டியே அமர்ந்துவிடுகிறீர்கள். நள்ளிரவில் வீடு திரும்பிப் படுக்கிறீர்கள். இப்போது கூட்டமும் இல்லை, மேளமும் இல்லை. ஆயினும் காதுக்குள் 'ஙொய்' என்ற மெல்லிய இரைச்சல் ஓய்ந்தபாடில்லை. அருகில் பேசுபவரின் குரல்கூட எங்கோ சுவருக்கு அப்பாலிருந்து வருவது போல் இருக்கிறது. காலையில் எழுந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. நாமும் அதை மறந்துவிடுகிறோம்.

வெளியே ஒலியே இல்லாதபோது காது எதைக் கேட்டது? காலையில் உண்மையிலேயே எல்லாம் சரியாகிவிட்டதா? இவற்றிற்கு விடை காண, ஒலி போகும் வழியிலேயே நாமும் காதுக்குள் போய்ப் பார்ப்போம்.

முதலில் வருவது செவிக்குழல். இது ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுள்ள, உட்புறம் மூடிய ஒரு குழாய். பேனா மூடியை உதட்டில் வைத்து ஊதினால் 'வீல்' என்று ஒலிக்கிறது அல்லவா? ஒருபுறம் மூடிய குழாய் எதுவாயினும் தன் நீளத்தைப் போல் நான்கு மடங்கு அலைநீளமுள்ள ஒலிக்கு இசைந்து அதிரும். செவிக்குழலுக்கு அந்த அலைநீளம் 10 செ.மீ. காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 340 மீட்டர். வகுத்துப் பாருங்கள்: 3400 ஹெர்ட்ஸ் என்று வரும். அதாவது, இந்த அதிர்வெண்ணை ஒட்டிய ஒலிகளைக் குழலே பெருக்கி உள்ளே அனுப்புகிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குழலின் முடிவில் செவிப்பறை. அதற்கு அப்பால் நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சிறு எலும்புகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டுள்ளன. நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு அங்கவடிதான். அதன் உயரம் 3 மி.மீ. அளவே. இந்த எலும்புகள் எதற்கு? குளத்தில் மூழ்கியிருப்பவருக்குக் கரையில் நிற்பவர் கூப்பிடுவது கேட்பதில்லை. காற்றில் வரும் ஒலியாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் நுழைகிறது, மீதியெல்லாம் திரும்பிவிடுகிறது. நம் உட்செவியோ திரவம் நிரம்பியது! பரந்த செவிப்பறையின் மேல் விழும் விசையை அதில் பதினேழில் ஒரு பங்கு பரப்பே உள்ள அங்கவடியின் அடித்தட்டில் குவித்து, நெம்புகோல் போலும் செயல்பட்டு, அழுத்தத்தை இருபது மடங்குக்கு மேல் கூட்டிவிடுகின்றன இந்த எலும்புகள்.

நத்தைக் கூட்டுக்குள்

உட்செவியில் ஒலியை உணரும் பகுதி நத்தைக் கூடு போல் இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஒரு குழாய். இதற்கு 'காக்ளியா' என்று பெயர். சுருளை நீட்டினால் 35 மி.மீ. இருக்கும். அதன் நடுவே நெடுக ஓடுகிறது அடிச்சவ்வு என்னும் பட்டை. வாயிலருகே அது குறுகி விறைப்பாகவும், உச்சியில் அகன்று தளர்வாகவும் உள்ளது. இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கீச்சென்ற ஒலி வந்தால் வாயிலருகே சவ்வு மிகுதியாக ஆடும். தவிலின் 'தொம்' ஒலி வந்தால் உச்சிப் பக்கம் ஆடும். வீணையின் மெட்டுகளைப் போல, ஒவ்வொரு சுரத்திற்கும் சவ்வில் ஓர் இடம்.

இதைக் கண்டறிந்தவர் புடாபெஸ்ட் நகரில் பிறந்த கியார்க் வான் பெக்கசி. அவர் மருத்துவர் அல்லர். ஹங்கேரி அஞ்சல் துறையின் ஆய்வுக்கூடத்தில் தொலைபேசியைச் சீர்செய்யும் வழிகளை ஆராய்ந்தவர். நல்ல தொலைபேசி செய்ய வேண்டுமானால் காது எப்படிக் கேட்கிறது என்று தெரிய வேண்டாமா? இறந்தவர்களின் உட்செவியைத் திறந்து, விட்டு விட்டு ஒளிரும் விளக்கின் உதவியால் சவ்வில் அலை ஓடுவதை உருப்பெருக்கியில் பார்த்தார். 1961-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

சவ்வின் மேல் வரிசை வரிசையாக நிற்பவை மயிரணுக்கள். ஒவ்வொன்றின் தலையிலும் நுண்ணிய மயிர்க்கற்றை இருக்கும். பெயரைக் கண்டு தலைமயிர் என்று எண்ணிவிடாதீர்கள். இவை உயிரணுவின் நீட்சிகளே. சவ்வு ஆடும்போது கற்றை சாய்கிறது. மயிர்களின் நுனிகளை இணைக்கும் இழைகள் இழுபடுகின்றன. உயிரணுவில் நுண்ணிய வாயில்கள் திறந்து பொட்டாசியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. நரம்புக்குச் செய்தி போகிறது. மிக மெல்லிய ஒலிக்கு இந்தக் கற்றை சாயும் தூரம் ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு!

ஒரு காதில் உள் வரிசையில் சுமார் 3500 மயிரணுக்கள். வெளியே மூன்று வரிசைகளில் சுமார் 12,000. இங்கே ஒரு புதிர். மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பிழைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அந்த 3500-இலிருந்தே புறப்படுகின்றன. மற்ற 12,000-க்கு என்னதான் வேலை?

1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற இயற்பியலார் ஒரு விந்தையைக் கண்டார். காதில் 'டிக்' என்று ஓர் ஒலியைச் செலுத்திவிட்டுக் காத்திருந்தால், சில மில்லி விநாடிகள் கழித்துக் காதே மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்புகிறது! 1985-இல் வில்லியம் பிரௌனல் குழுவினர், வெளி வரிசை மயிரணுக்கள் மின்தூண்டலுக்கு ஏற்ப நீண்டு சுருங்குவதைக் கண்டறிந்தனர். அவை ஒலிக்கு ஏற்பக் கூத்தாடிச் சவ்வின் ஆட்டத்தைப் பெருக்கிக் கொடுக்கின்றன. உயிருள்ள காது வெறும் ஒலிவாங்கி அன்று. தன் ஆற்றலைச் செலவிட்டுக் கேட்கும் கருவி. பெக்கசி பார்த்தவை உயிரற்ற காதுகள் ஆதலால் அவருக்கு இது புலப்படவில்லை. பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று மருத்துவமனையில் சோதிக்கும் சிறு கருவி, கெம்ப் கண்ட எதிரொலியைத்தான் தேடுகிறது.

களைப்பும் இழப்பும்

இனி திருவிழாவுக்குத் திரும்புவோம். பேரொலியின்போது மயிர்க்கற்றைகள் புயலில் அகப்பட்ட நாணல்போல் வளைகின்றன. அவை களைத்துத் துவண்டால் காது மந்தமாகிறது. மூளைக்கு வரும் செய்தி குறையவே, கேட்கும் நரம்புப் பாதைகள் தம் பெருக்கத்தைக் கூட்டிக்கொள்கின்றன. நிலையம் கிடைக்காத வானொலியில் ஒலியைக் கூட்டினால் இரைவதைப் போன்றதுதான் இந்த 'ஙொய்' என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

ஓய்வு கொடுத்தால் பல அணுக்கள் நிமிர்ந்துவிடும். அடி பலமாக விழுந்தாலோ, மீண்டும் மீண்டும் விழுந்தாலோ மடிந்துவிடும். மடிந்தது மடிந்ததுதான். தோல் வளர்கிறது, முறிந்த எலும்பு கூடுகிறது. மனிதக் காக்ளியாவின் மயிரணு மட்டும் மீண்டும் முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கிறது! பேரொலியால் அழிந்த மயிரணுக்கள் கோழிக்குஞ்சின் காதில் மீண்டும் தோன்றுவதை 1987, 1988-ஆம் ஆண்டுகளில் ஆய்வாளர்கள் கண்டனர். முற்றத்தில் குப்பை கிளறும் கோழிக்கு வாய்த்தது நமக்கு வாய்க்கவில்லை.

நமக்குள்ள ஒரு காப்பு அங்கவடியைப் பிடித்திழுக்கும் ஒரு சிறு தசை. பேரொலி கேட்டதும் அது சுருங்கி எலும்புகளின் ஆட்டத்தைக் குறைக்கும். ஆனால் அது செயல்பட விநாடியின் நூற்றில் சில பங்குகளாவது ஆகும். காதருகே வெடிக்கும் பட்டாசு அதற்குள் தன் வேலையை முடித்துவிடும்.

காலையில் சரியாகிவிட்டதா என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. 2009-இல் ஷேரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் சுண்டெலிகளுக்கு 100 டெசிபல் இரைச்சலை 2 மணி நேரம் கேட்கச் செய்தனர். சில நாட்களில் அவற்றின் கேட்கும் திறன் பழைய நிலைக்கு வந்தது, மயிரணுக்களும் பிழைத்திருந்தன. ஆனால் சவ்வின் ஒரு பகுதியில் மயிரணுக்களுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பாதி வரை நிரந்தரமாக அற்றுப்போயிருந்தன!

மனிதரில் இரைச்சலால் கெடும் காது வழக்கமாக முதலில் இழப்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. செவிக்குழல் பெருக்கி அனுப்பும் 3400-ஐ நினைவு கூருங்கள். அதிகமாக அடிபடும் இடம் அதை அடுத்ததே. இந்த இழப்பு எளிதில் தெரியாது. உயிரெழுத்தொலிகள் வலியவை, தாழ்ந்த அதிர்வெண் உடையவை. அவை நன்றாகவே கேட்கும். வல்லின மெய்களை வேறுபடுத்திக் காட்டும் நுண்ணொலிகளே நழுவும். கட்டை, சட்டை, தட்டை, பட்டை எல்லாம் ஒன்றுபோல் ஒலிக்கும். விசைத்தறிக் கூடத்தில் பல்லாண்டு உழைத்த பெரியவர், "சத்தம் கேட்குது தம்பி, பேச்சுதான் விளங்கலை" என்று சொன்னால், அது கவனக்குறைவு அன்று. அவரிடம் கத்திப் பேசுவதைவிட, முகம் பார்த்து நிதானமாகப் பேசுவதே பயன் தரும்.

எவ்வளவு ஒலி, எவ்வளவு நேரம்? அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 1998-இல் பரிந்துரைத்த அளவு, நாளொன்றுக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இரு மடங்காகும். ஆகவே நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 100 டெசிபலுக்கு 15 நிமிடமே மிஞ்சும். காதொலிப்பானைச் செவியில் செருகிக்கொண்டு பேருந்தின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டும் இளைஞர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

திறந்த வெளியில் தொலைவு இரட்டித்தால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். ஒலிபெருக்கியிலிருந்து 2 மீட்டரில் 100 டெசிபல் என்றால், 8 மீட்டரில் 88. அங்கே 15 நிமிடத்திற்குப் பதில் 4 மணி நேரம் அமரலாம். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு முன்வரிசையிலேயே இருந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். பஞ்சு தடுப்பது கொஞ்சமே. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பத்தடி பின்னால் போவது அதைவிட மேல். நாதசுரமும் அங்கேதான் நன்றாகக் கேட்கும்.